பிஎச்பி மூலம் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்கு ஃபைல்களை நகலெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னச் சின்ன இணையதளங்களைப் பராமரிப்பவர்களும் பிஎச்பி இப்போதுதான் கற்றுக்கொள்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். நான் சொல்பவை பிஎச்பி 8 பதிப்புகளுக்குப் பொருந்தும். பெரும்பாலானவை 7-க்கும் பொருந்தும்.

ஒரே ஒரு ஃபைலை நகலெடுக்க எது எளிய வழி?

'காப்பி' என்ற ஃபங்ஷன். அதற்கு இரண்டு விவரம் கொடுக்க வேண்டும்: எந்த ஃபைல், எங்கே போக வேண்டும். வேலை முடிந்தால் ட்ரூ, முடியாவிட்டால் ஃபால்ஸ் திருப்பித் தரும். அந்த ட்ரூ, ஃபால்ஸை ஒரு 'இஃப்' போட்டுப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் படித்துவிட்டுப் போவதாக இருந்தால் இதைப் படித்தால் போதும். நகலெடுக்கும் நிரல்களில் நான் பார்த்த பெரிய இழப்புகள் எல்லாமே திரும்பி வந்த பதிலைப் பார்க்காமல் விட்டதால் வந்தவைதான்.

ஃபோல்டர் பெயரைச் சரியாகக் கொடுத்தும் 'காப்பி' மறுக்கிறதே?

போய்ச் சேரும் இடமாக ஃபோல்டர் பெயரை மட்டும் கொடுத்திருப்பீர்கள். லினக்ஸ் டெர்மினலில் 'சிபி' கட்டளைக்கு ஃபோல்டரைக் காட்டினால் போதும், ஃபைல் பெயரை அதுவே போட்டுக்கொள்ளும். பிஎச்பி அப்படிச் செய்யாது. இரண்டாவது விவரம் ஃபோல்டராக இருக்கக்கூடாது என்று எச்சரிக்கை காட்டிவிட்டு நின்றுவிடும். 'படங்கள்/பழையவை' என்று நிறுத்தாமல் 'படங்கள்/பழையவை/விழா.ஜேபெக்' என்று ஃபைல் பெயர் வரை முழுதாக எழுதுங்கள். பழைய பெயரே வேண்டுமென்றால் 'பேஸ்நேம்' ஃபங்ஷன் மூலப் பாதையிலிருந்து பெயரை மட்டும் பிரித்துத் தரும்.

இன்னொன்று, போய்ச் சேரும் ஃபோல்டர் முன்பே இருக்க வேண்டும். 'காப்பி' அதை உருவாக்காது. 'எம்கேடிர்' கொண்டு நீங்களே உருவாக்க வேண்டும். அதன் மூன்றாவது விவரத்துக்கு ட்ரூ கொடுத்தால், நடுவில் இல்லாத ஃபோல்டர்களையும் சேர்த்து உருவாக்கிவிடும். இரண்டாவது விவரம், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்லும் அனுமதி எண். 0755 என்று முன்னால் சுழியத்தோடு எழுத வேண்டும். முன்னால் சுழியம் இருந்தால் அது எண்ம (ஆக்டல்) எண். சுழியத்தை விட்டுவிட்டால் பிஎச்பி அதைச் சாதாரணப் பதின்ம எண்ணாக எடுத்துக்கொள்ளும். 755 எண்ம முறையில் 1363 ஆகும். அந்த அனுமதியில் ஃபோல்டரின் சொந்தக்காரரே உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியலிட்டுப் பார்க்க முடியாது.

'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வருகிறது. ஆனால் ஃபைல் கண் முன்னால் இருக்கிறது!

இதற்குக் காரணங்கள் பல. முதலில் அந்த எச்சரிக்கையில் அடைப்புக்குறிக்குள் எந்தப் பாதை காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மூலப் பாதை இருந்தால் சிக்கல் மூலத்தில். சேரும் பாதை இருந்தால் அங்கே ஃபோல்டர் இல்லை.

அப்புறம், பாதையை எங்கிருந்து எண்ணுகிறீர்கள் என்பது. 'படங்கள்/அ.ஜேபெக்' என்று பாதியாக எழுதினால், நிரல் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து அது எண்ணப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில் 'நடப்பு ஃபோல்டர்' எதுவோ அங்கிருந்துதான் எண்ணப்படும். பிரவுசர் வழியாக ஓட்டும்போது ஒன்றாகவும், க்ரான் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் வசதி) வழியாக இரவில் ஓட்டும்போது வேறாகவும் அது இருக்கலாம். பகலில் சோதித்தபோது ஓடிய நிரல் இரவில் தோற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிஎச்பி 5.3-இலிருந்து இருக்கும் '__டிர்__' என்ற மாறிலி, அந்த நிரல் ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் முழுப் பாதையைத் தரும். எல்லாப் பாதைகளையும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்தது, இணைய முகவரியையும் டிஸ்க் பாதையையும் குழப்பிக்கொள்வது. 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும் முகவரியை மூலமாகக் கொடுத்தால், சர்வர் அமைப்பில் 'அலவ்_யுஆர்எல்_எஃப்ஓப்பன்' திறந்திருக்கும் பட்சத்தில் ஃபைல் இறங்கிவிடும். அதே முகவரியைச் சேரும் இடமாகக் கொடுத்தால் ஒருபோதும் நடக்காது.

விண்டோஸில் எழுதி லினக்ஸ் சர்வரில் ஏற்றுபவர்களுக்கு இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. கேமரா தரும் பெயர்கள் பெரும்பாலும் பெரிய எழுத்தில் முடியும், நாமோ நிரலில் சிறிய எழுத்தில் எழுதிவிடுவோம். விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. இரண்டு, பின்சாய்வுக்கோடு. இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்வுக்கோட்டுக்கு அடுத்து 'என்' எழுத்து வந்தால் அது புதிய வரியாகவும், 'டி' எழுத்து வந்தால் டேப் இடைவெளியாகவும் மாறிவிடும். 'நியூ' என்ற ஃபோல்டரும் 'டெஸ்ட்' என்ற ஃபோல்டரும் உள்ள பாதை உடைந்துபோவது இப்படித்தான். விண்டோஸிலும் பிஎச்பி சாதாரண சாய்வுக்கோட்டை ஏற்றுக்கொள்ளும். எங்கேயும் அதையே எழுதிப் பழகுங்கள்.

'பெர்மிஷன் டினைட்' வந்தால் 777 கொடுத்துவிடலாமா?

வேண்டாம். பிரச்சினை தீர்ந்தது போலத் தெரியும். ஆனால் அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் உங்கள் ஃபோல்டரில் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்ததாக ஆகிவிடும்.

உங்கள் நிரல் எந்தப் பயனராக ஓடுகிறது என்று பாருங்கள். டெபியன், உபுண்டு சர்வர்களில் வழக்கமாக 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற பயனர். நீங்கள் எஃப்டிபி வழியாக ஏற்றிய ஃபோல்டர் உங்கள் பெயரில் இருக்கும், நிரலோ வேறு பெயரில் ஓடும். அந்தப் பயனருக்கோ அவர் இருக்கும் குழுவுக்கோ அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் எழுதும் உரிமை கொடுத்தால் போதும். புது ஃபைலை உருவாக்கத் தேவைப்படுவது ஃபோல்டரின் எழுதும் உரிமை. அதோடு, வேரிலிருந்து அந்த ஃபோல்டர் வரை வழியில் உள்ள ஒவ்வொன்றிலும் நுழையும் உரிமையும் வேண்டும். நடுவில் ஒன்றில் இல்லாவிட்டாலும் இதே பிழைதான் வரும்.

பகிர்வு ஹோஸ்டிங்கில் 'ஓப்பன்_பேஸ்டிர்' என்று ஒரு கட்டுப்பாடு இருக்கலாம். அதில் சொன்ன ஃபோல்டர்களைத் தாண்டி பிஎச்பி எட்டிப் பார்க்க முடியாது. அப்போது எச்சரிக்கையிலேயே அந்தப் பெயர் வரும். உரிமை எண்ணை மாற்றிப் பயனில்லை, ஹோஸ்டிங்காரரிடம் கேட்பதுதான் வழி.

உள்ஃபோல்டர்களோடு சேர்த்து ஒரு முழு ஃபோல்டரையே நகலெடுக்க வேண்டும். அதற்கு ஒரு ஃபங்ஷன் உண்டா?

பிஎச்பியோடு வருவதில் இல்லை. நாம்தான் எழுத வேண்டும். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, 'ஸ்கேன்டிர்' கொண்டு ஃபோல்டரில் உள்ளவற்றின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் ஃபோல்டரா ஃபைலா என்று 'இஸ்_டிர்' மூலம் பார்ப்பது. ஃபைல் என்றால் 'காப்பி'. ஃபோல்டர் என்றால் அதற்கு இணையான ஃபோல்டரை மறுபக்கம் உருவாக்கிவிட்டு, அதே ஃபங்ஷனை அதன்மேல் மறுபடி அழைப்பது. பட்டியலில் ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் வரும். ஒற்றைப் புள்ளி அந்த ஃபோல்டரையே குறிக்கும், இரட்டைப் புள்ளி அதன் மேல் ஃபோல்டரைக் குறிக்கும். இந்த இரண்டையும் தாண்டிப் போகச் சொல்ல மறந்தால் நிரல் முடிவில்லாமல் சுற்றும். 'ஸ்கேன்டிர்'-க்குப் பதில் 'ஓப்பன்டிர்', 'ரீட்டிர்' பயன்படுத்தினால், திரும்பி வருவது ஃபால்ஸ்தானா என்று மூன்று குறி கொண்ட கறாரான ஒப்பீட்டால் (=== அல்லது !==) பாருங்கள். இல்லாவிட்டால் வெறும் '0' என்று பெயர் வைத்த ஒரு ஃபைல் வந்ததும் பட்டியல் முடிந்துவிட்டது என்று நினைத்து நிரல் நின்றுவிடும்.

இரண்டாவது வழி, 'ரிகர்சிவ் டைரக்டரி இட்டரேட்டர்' என்ற கிளாஸ். அதை 'ரிகர்சிவ் இட்டரேட்டர் இட்டரேட்டர்' என்ற இன்னொன்றுக்குள் போட்டால், மரம் போல விரியும் ஃபோல்டர்கள் எல்லாம் ஒரே 'ஃபார்ஈச்' சுற்றில் வரிசையாக வரும். எனக்குப் பிடித்தது இதுதான். முதலாவதற்கு 'ஸ்கிப்_டாட்ஸ்' கொடுத்தால் புள்ளிகள் தொல்லை இல்லை. இரண்டாவதற்கு 'செல்ஃப்_ஃபர்ஸ்ட்' கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஃபைல்கள் மட்டுமே வரும், ஃபோல்டர்கள் வராது. காலி ஃபோல்டர்கள் மறுபக்கம் உருவாகாமல் போகும். நிரந்தரமாகக் காலியாக இருக்கும் ஒரு கேஷ் ஃபோல்டரை நம்பி ஓடும் தளம் என்றால், இடம் மாற்றிய பிறகு அது ஏன் ஓடவில்லை என்று அரை நாள் தேட வேண்டிவரும்.

எந்த வழியில் எழுதினாலும், சேரும் ஃபோல்டர் மூல ஃபோல்டருக்கு உள்ளேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'தளம்' என்ற ஃபோல்டரை 'தளம்/பேக்கப்' என்பதற்குள் நகலெடுத்தால், நகல் தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு டிஸ்க் நிரம்பும் வரை வளரலாம்.

'குளோப்' வைத்து எடுத்தேன். சில ஃபைல்கள் மட்டும் வரவில்லை.

'குளோப்' என்பது நட்சத்திரக் குறி போன்றவை உள்ள ஒரு வடிவத்துக்குப் பொருந்தும் பெயர்களைப் பட்டியலிடும் ஃபங்ஷன். வராதவை புள்ளியில் தொடங்கும் ஃபைல்களாக இருக்கும். நட்சத்திரக் குறி அவற்றைப் பிடிக்காது. 'எச்டிஆக்சஸ்' ஃபைல் (புள்ளியில் தொடங்கும் பெயருள்ள சர்வர் அமைப்பு ஃபைல்) இல்லாமல் இடம் மாறிய தளங்கள் உடைந்து நிற்பதற்குக் காரணம் இது. குறிப்பிட்ட வகைப் படங்களை மட்டும் எடுக்க 'குளோப்' நல்லது. முழு ஃபோல்டருக்கு வேண்டாம்.

அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால்?

'காப்பி' கேட்காமல் அதன்மேல் எழுதிவிடும். எச்சரிக்கையும் வராது. வேண்டாமென்றால் 'ஃபைல்_எக்ஸிஸ்ட்ஸ்' வைத்து முன்பே பாருங்கள். ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தும் தளத்தில் இது மட்டும் போதாது. நீங்கள் பார்த்ததற்கும் எழுதுவதற்கும் இடையில் இன்னொருவரின் ஃபைல் வந்துவிடலாம். அங்கே சேரும் ஃபைலை 'எஃப்ஓப்பன்' மூலம் 'எக்ஸ்' முறையில் திறந்து, 'ஸ்ட்ரீம்_காப்பி_டு_ஸ்ட்ரீம்' கொண்டு நிரப்புங்கள். ஃபைல் ஏற்கெனவே இருந்தால் 'எக்ஸ்' முறை திறக்கவே மறுத்துவிடும்.

நகல் வேண்டாம், இடம் மாற்றினால் போதும் என்றால்?

'ரீநேம்' செய்யுங்கள். பெயர் மாற்றுவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், வேறு ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால் ஃபைல் அங்கே போய்விடும். ஒரே டிஸ்க் பகுதிக்குள் என்றால் எவ்வளவு பெரிய ஃபைலாக இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். உள்ளடக்கம் நகர்வதே இல்லை, பெயர்ப் பட்டியலில் பதிவு மட்டும்தான் மாறுகிறது. வேறு டிஸ்க்குக்குப் போகும்போது பிஎச்பி உள்ளுக்குள் நகலெடுத்து மூலத்தை நீக்கும். அது ஃபைல்களுக்கு நடக்கும். முழு ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு 'ரீநேம்' செய்ய முடியாது. அங்கே மேலே சொன்னபடி நகலெடுத்துவிட்டு, பிறகு மூலத்தை அழிக்க வேண்டும்.

இந்த 'பிறகு' என்ற சொல்லை நான் ஒரு முறை கவனிக்காமல் விட்டேன். ஒரு விழாக் குழுவின் தளத்தில் பழைய புகைப்படங்களை வேறு ஃபோல்டருக்கு மாற்ற ஒரு சுற்று எழுதினேன். 'காப்பி', அடுத்த வரியில் ஃபைலை அழிக்கும் 'அன்லிங்க்', அவ்வளவுதான். பாதியில் கணக்குக்கான இட ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு 'காப்பி'யும் ஃபால்ஸ் சொன்னது, ஒவ்வொரு 'அன்லிங்க்'கும் மூலத்தை ஒழுங்காக அழித்தது. பேக்கப்பிலிருந்து பெரும்பகுதி கிடைத்தது. கடைசி இரண்டு வாரங்களில் ஏற்றிய படங்கள் கிடைக்கவில்லை. அவற்றை எடுத்தவர்களிடம் போய் மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சிலரிடம் அவை இல்லை.

அதிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். முதல் சுற்றில் நகல் மட்டும், எதையும் அழிப்பதில்லை. இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு ஃபைலுக்கும் இரு பக்கமும் 'ஹாஷ்_ஃபைல்' கொண்டு எஸ்எச்ஏ-256 கைரேகை எடுத்து ஒப்பிடுவது. அளவை மட்டும் 'ஃபைல்சைஸ்' வைத்து ஒப்பிட்டாலும் பாதியில் நின்ற நகல்கள் மாட்டிக்கொள்ளும். ஆனால் பிஎச்பி ஃபைல் விவரங்களை நினைவில் வைத்துப் பழைய பதிலையே தரக்கூடும் என்பதால் முதலில் 'கிளியர்ஸ்டாட்கேஷ்' அழைத்துவிட வேண்டும். எல்லாம் ஒத்துப்போன பிறகு, மூன்றாவது சுற்றில் அழிப்பது. 'டிஸ்க்_ஃப்ரீ_ஸ்பேஸ்' காட்டும் எண்ணை நம்பி இரண்டாவது சுற்றைத் தவிர்க்காதீர்கள். அது டிஸ்க் பகுதி முழுவதிலும் உள்ள காலி இடத்தைச் சொல்கிறது, உங்கள் கணக்குக்கு மிச்சம் எவ்வளவு என்பதை அல்ல.

பெரிய வீடியோ ஃபைல். மெமரி போதவில்லை என்று நிரல் நின்றுவிடுகிறது.

'ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ்' வைத்துப் படித்து 'ஃபைல்_புட்_கன்டென்ட்ஸ்' வைத்து எழுதியிருப்பீர்கள். அது முழு ஃபைலையும் மெமரிக்குள் இழுக்கும். வழக்கமான மெமரி வரம்பு 128 எம்பி. 'காப்பி' துண்டு துண்டாகவே எடுத்துப் போகும், அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

நேர வரம்பு வேறு விஷயம். பிரவுசர் வழியாக ஓடும் பிஎச்பிக்கு வழக்கமான வரம்பு 30 விநாடி. லினக்ஸில் இந்தக் கணக்கில் ஃபைல் படிப்பது, எழுதுவது போன்ற காத்திருப்புகள் சேராது, விண்டோஸில் சேரும். ஆனால் முன்னால் நிற்கும் வெப் சர்வரான அப்பாச்சியோ எஞ்சின்எக்ஸோ தன் கணக்கில் பொறுமை இழந்து இணைப்பை வெட்டிவிடும். ஆயிரக்கணக்கான ஃபைல்கள் என்றால் பிரவுசரை விட்டுவிட்டு, டெர்மினலிலோ க்ரானிலோ கட்டளை வரி பிஎச்பியாக ஓட்டுங்கள். அங்கே நேர வரம்பே கிடையாது.

பார்வையாளர் ஏற்றும் ஃபைலையும் 'காப்பி' வைத்தே எடுக்கலாமா?

'மூவ்_அப்லோடட்_ஃபைல்' பயன்படுத்துங்கள். உண்மையிலேயே இந்தக் கோரிக்கையில் ஏற்றப்பட்ட ஃபைல்தானா என்று பார்த்துவிட்டுத்தான் அது நகர்த்தும். 'ஓப்பன்_பேஸ்டிர்' போட்ட சர்வரில் தற்காலிக ஃபோல்டர் எல்லைக்கு வெளியே இருந்தாலும் அது எடுத்துக்கொள்ளும், 'காப்பி' எடுக்காது. நிரல் முடிவதற்குள் நகர்த்தாவிட்டால் தற்காலிக ஃபைல் தானாக அழிந்துவிடும்.

பயனர் சொல்லும் பெயரில் ஃபைலை எடுத்துக் கொடுக்கிறேன். ஆபத்து உண்டா?

உண்டு, பெரிய ஆபத்து. இரட்டைப் புள்ளியும் சாய்வுக்கோடும் கலந்து ஒருவர் பெயர் அனுப்பினால், உங்கள் ஃபோல்டரை விட்டு வெளியேறி, கடவுச்சொல் உள்ள அமைப்பு ஃபைலையே பொது ஃபோல்டருக்கு நகலெடுக்க வைக்கலாம். வந்த பெயரை 'பேஸ்நேம்' மூலம் சுத்தம் செய்யுங்கள். பிறகு 'ரியல்பாத்' தரும் உண்மைப் பாதை உங்கள் ஃபோல்டரின் பாதையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஒப்பிடும்போது ஃபோல்டர் பெயருக்குப் பின் சாய்வுக்கோட்டையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் 'படம்' என்ற ஃபோல்டரை அனுமதிக்கும் நிரல் 'படம்ரகசியம்' என்ற ஃபோல்டரையும் அனுமதித்துவிடும். இன்னும் உருவாகாத ஃபைலுக்கு 'ரியல்பாத்' ஃபால்ஸ்தான் தரும் என்பதால், சேரும் பக்கத்தில் ஃபோல்டரின் பாதையை மட்டும் சோதியுங்கள்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்களை நகலெடுக்க முடியுமா?

தாராளமாக. லினக்ஸுக்கு எந்தத் தடையும் இல்லை, விண்டோஸிலும் பிஎச்பி 7.1 முதல் யூடிஎஃப்-8 (யூனிகோட்) பெயர்கள் ஒழுங்காகக் கையாளப்படுகின்றன. நம் மொழிக்கே உரிய சில சிக்கல்கள் இருக்கின்றன. இதைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

'கோவில்' என்ற சொல்லில் ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக ஒரு விதம். இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் தனித்தனியாக இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றேதான். ஆனால் முதல் விதத்தில் அந்தச் சொல் 18 பைட், இரண்டாவதில் 21 பைட். லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு ஃபைல்கள். ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதைதான். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அப்படி வந்த ஃபைல்களை லினக்ஸ் சர்வருக்கு ஏற்றிவிட்டு, விண்டோஸில் தட்டிய பெயரை நிரலில் கொடுத்தால் 'ஃபைல் இல்லை' என்று வரும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, 'எஸ்டிஆர்லென்' வைத்து நீளத்தை எண்ணினால்தான் தெரியும். பிஎச்பியின் 'இன்ட்ல்' நீட்சியில் உள்ள 'நார்மலைசர்' இரண்டு விதத்தையும் ஒன்றாக்கிவிடும். நகலெடுக்கும்போது சேரும் பெயரை அதன் வழியாக அனுப்பிவிடுங்கள். ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' எழுத்தையே தட்டியிருந்தால் மட்டும் நார்மலைசரால் உதவ முடியாது. அது எழுத்துப் பிழை, கையால்தான் திருத்த வேண்டும்.

நீளமும் பார்க்க வேண்டும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் ஒரு பெயர் 255 பைட் வரைதான். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'கு' போன்ற உயிர்மெய்க்கு எழுத்தும் குறியுமாக 6 பைட். ஆக, உயிர்மெய்களாகவே வந்தால் நாற்பது எழுத்துக்குச் சற்று மேல்தான் இடம் இருக்கிறது. கட்டுரைத் தலைப்பையே ஃபைல் பெயராக வைப்பவர்கள் இந்தச் சுவரில் முட்டுவார்கள். 'பேஸ்நேம்' லொக்கேலை (மொழி, எழுத்துமுறை அமைப்பை) பார்த்து வேலை செய்வதால், நிரலின் தொடக்கத்தில் 'செட்லொக்கேல்' மூலம் யூடிஎஃப்-8 லொக்கேல் ஒன்றை அமைத்துவிடுவதும் நல்லது.

நகலில் தேதி மாறிவிடுகிறதே?

ஆமாம், நகலெடுத்த நேரம்தான் பதிவாகும். பழைய தேதி வேண்டுமென்றால் 'ஃபைல்எம்டைம்' மூலம் மூலத்தின் நேரத்தை எடுத்து, 'டச்' மூலம் நகலுக்குக் கொடுங்கள். இயக்கும் உரிமை உள்ள ஸ்கிரிப்ட் ஃபைல்களில் அந்த உரிமையும் போய்விடும், 'சிஎச்மாட்' கொண்டு திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே யாராவது அந்த ஃபைலைத் திறந்தால்?

பாதி ஃபைல்தான் கிடைக்கும். அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகப் பெயரில் நகலெடுங்கள். முடிந்ததும் 'ரீநேம்' செய்து உண்மைப் பெயரைக் கொடுங்கள். ஒரே டிஸ்க் பகுதிக்குள் லினக்ஸ் அந்தப் பெயர் மாற்றத்தை ஒரே அடியில் செய்வதால், பார்வையாளருக்குப் பழையது முழுதாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும்.

என் கணினியின் டி டிரைவிலிருந்து சர்வருக்கு 'காப்பி' செய்ய முடியுமா?

முடியாது. பிஎச்பி ஓடுவது சர்வரில், உங்கள் டிரைவ் அதற்குத் தெரியாது. ஏற்றும் படிவம் வேண்டும், அல்லது எஃப்டிபி.

'எக்ஸெக்' மூலம் லினக்ஸின் 'சிபி' கட்டளையையே அழைத்தால் வேகமாக இருக்காதா?

பெரிய ஃபோல்டர் மரங்களுக்கு இருக்கும். உங்கள் சொந்த சர்வரில், பாதைகளை நீங்களே நிரலில் எழுதியிருந்தால் செய்யுங்கள். பயனர் தந்த பெயர் எதையும் அந்தக் கட்டளைக்குள் விடாதீர்கள். பகிர்வு ஹோஸ்டிங் பலவற்றில் 'எக்ஸெக்' அணைக்கப்பட்டிருக்கும். அங்கே பிஎச்பி ஃபிரேம்வொர்க்குகளில் லாரவெல் வைத்திருப்பவர்கள் அதன் 'காப்பிடைரக்டரி'யையும், சிம்ஃபனி வைத்திருப்பவர்கள் அதன் ஃபைல்சிஸ்டம் பகுதியில் உள்ள 'மிரர்'-ஐயும், வேர்ட்பிரஸ் நீட்சி எழுதுபவர்கள் 'காப்பி_டிர்'-ஐயும் பயன்படுத்திக்கொள்ளலாம்.